விழுந்தது அல்ல, இறங்கியது

அன்புத் தம்பி வாத்தியாருக்கு,

உன் அண்ணன் காலண்டர் வாயால் சொல்லி, மகள் கையால் எழுதும் கடிதம். இங்கே என் இடது கால் நீங்கலாக எல்லாரும் நலம். அங்கே உன் காதுகள் நீங்கலாக எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அட்டை வந்தது. "விழுந்தாயாமே. உடம்பைப் பார்த்துக்கொள்." மகள் படித்துவிட்டு அட்டையைக் கீழே வைத்தாள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பின்னால் என் விலாசம் இருந்தது. ஓரத்தில், தபால் தலைக்குப் பக்கத்தில், எங்காவது பொடியாக எழுதியிருப்பான், நன்றாகப் பார் என்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்துவிட்டாள். 'அண்ணே' என்கிற சொல் இல்லை. மழையில் நனைந்து அழிந்ததோ என்றால் மழை பெய்தே நாளாகிறது. அந்தச் சொல் இல்லாமல் உன் வாயிலிருந்தோ கையிலிருந்தோ இத்தனை காலத்தில் எனக்கு ஒரு வரி வந்தது கிடையாது. ஆக, நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். என் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், உன் தங்கச்சி போனில் உன் மகளிடம் எதையோ சொல்ல, உன் மகள் உன் காதில் எதையோ கத்த, அதில் பாதியைக் கேட்டுக்கொண்டு நீ என்னை இறக்கிவிட்டாய். நானும் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். உனக்குக் கேட்கும்படி நான் கத்தினால் உன்னைத் தவிர இரண்டு ஊருக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம். நம் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் நீ ஒருவன்தானே, நிதானமாகப் படி.

"மாமாவைத் தம்பின்னு எழுத எனக்குக் கை வர மாட்டேங்குதுப்பா" என்கிறாள் மகள். எழுதும்மா, இன்றைக்கு நேற்று வந்த வழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இவளுக்காகவும் சேர்த்து முதலில் இருந்து சொல்கிறேன். உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர எதுவும் மறக்காது.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் சாய்ந்து, பேருந்தெல்லாம் அக்கரையிலேயே நின்றுபோன வருஷம் அது. கடைகளில் சர்க்கரை கிடைக்காமல் ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு தேநீர் குடித்தது அதே வருஷம்தான். மின்சாரக் கம்பி நம் தெருவுக்கு வந்ததும், மேஸ்திரி தன் வீட்டு பல்பை முதல் நாள் வாயால் ஊதி அணைக்கப் பார்த்ததும் அந்த வருஷம். உன் மூத்தவள் பிறந்ததும் அப்போதுதான். தொட்டில் கட்டக் கயிறு வேண்டும் என்று சாரத்தில் இருந்து ஒரு முழம் அறுத்துக்கொண்டு போனாய். அந்தக் கயிற்றைப் பற்றி நான் அன்றும் பேசவில்லை, இன்றும் பேசப் போவதில்லை. பழைய கொட்டகையை இடித்துவிட்டு மூன்று மாடித் தியேட்டர் எழும்பியது. முகப்புப் பூச்சு, உச்சியில் வளைந்து நீட்டுகிற கார்னிஸ் உட்பட, முழுவதும் நம் ஐந்து பேர் வேலை. மேஸ்திரி, ஏணி இல்லாமலே ஜன்னலுக்கு மேலே பூசுகிற ஒட்டகம், நிறுத்துகிற பொத்தான் இல்லாத வாய் கொண்ட ரேடியோ, கடைப் பலகைகளை எல்லாருக்கும் படித்துச் சொல்லுகிற வாத்தியாரான நீ, எல்லாருக்கும் இளையவனான நான். ஒரு மதியம், வெயில் ஏறியிருந்த நேரம், சாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நீங்கள் நான்கு பேரும் கீழே மணல் குவியலில் போய் விழுந்தீர்கள். நான் மட்டும் மேலே இருந்தேன். மேஸ்திரி மல்லாந்து கிடந்தபடியே கேட்டார்.

"டேய், அங்க என்னடா பண்ற?"

"தொங்குறேன் மேஸ்திரி."

"எதப் புடிச்சு?"

"போன வாரம் நான் பூசுன கார்னிஸ."

"புடிக்குதா?"

"புடிக்குது மேஸ்திரி."

விலா எலும்பு நொறுங்கியவர், வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். இவர் சட்டம் போட்டார். "கேட்டுக்குங்கடா. இன்னையில இருந்து இவன்தான் நமக்கெல்லாம் அண்ணன். விழுந்தவன் பூராவும் விழாதவனை அண்ணேன்னு கூப்பிடணும். என்னைக்கு இவன் விழுறானோ, அன்னைக்கு இவன் நம்ம எல்லாரையும் அண்ணேன்னு கூப்பிடட்டும்." ரேடியோ வாயில் இருந்த மணலைத் துப்பிவிட்டு, விழுவது என்றால் எது என்று விளக்கம் கேட்டான். "நெனைக்காம கீழ வந்து, முதுகு தரையில பட்டா விழுந்தது. நெனைச்சு வந்தா எறங்குனது" என்றார் மேஸ்திரி. அதற்குள் ஒட்டகம் நொண்டிக்கொண்டே போய் எங்கிருந்தோ ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, "அண்ணே, பாத்துக் கால வைங்கண்ணே" என்றான். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு, ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் நான்கு தம்பிகள். சுவரில் தொங்கியதால் காலண்டர் என்ற பெயரும் அன்றைக்குத்தான் வந்தது.

அந்தச் சட்டத்தை யாராவது மீறினார்களா? மறுவருஷம் உன் தங்கச்சியை நான் கட்டிக்கொண்டபோது பதிவு அலுவலகத்தில் நடந்ததை மகளுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. நீ சாட்சிக் கையெழுத்துப் போட வந்து, "அண்ணே, அந்தப் பேனாவக் குடுங்க" என்று என்னிடம் கேட்டாய். பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" "அண்ணன்." "மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?" "அண்ணன்." அவர் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். இந்தக் கல்யாணம் நடக்காது, நடந்தால் என் வேலை போய்விடும் என்றார். அப்போது மேஸ்திரி, தலை முழுக்க நரைத்த மனுஷர், நான் விளக்கிச் சொல்கிறேன் என்று முன்னால் வந்து, என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். பதிவாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். உன் தங்கச்சி மட்டும் இல்லையென்றால் நான் இன்றும் பிரம்மச்சாரிதான். அவள்தான் மேஜை மேல் கையை ஊன்றி, "இவங்க அஞ்சு பேருக்கும் அப்படித்தாங்க, நீங்க எழுதுங்க" என்றாள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். எங்கள் கூடத்தின் கூரைக்குப் புதிதாகப் பட்டி பார்த்து வெள்ளை அடித்தார்கள். பார்க்க முட்டை ஓடு மாதிரி வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால்தானே உள்ளே காலியாக நிற்கிற பொக்கு தெரியும். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனின் ஏணியை வாங்கிச் சாய்த்து ஏறினேன்.

"அப்பா, ஏணி..." என்று மகள் பேனாவை நிறுத்துகிறாள்.

"எழுதும்மா."

"இல்லப்பா, ஏணி வந்து..."

"எழுதுன்னா எழுது."

எழுதுகிறாள். ஏறினேன். தட்டினேன். நான் நினைத்த மாதிரியே பொக்கு, ஒன்று இரண்டு இல்லை, கூரை முழுக்கத் தம்புரா மாதிரி. மூலைப் பக்கம் தட்டுவதற்குக் கையை நீட்டினேன். ஏணியின் கால் வழுக்கித் தரையில் ஓடியது. ஏணி போய்விட்டது, நான் ஒரு கணம் அங்கேயே இருந்தேன். இனி இங்கே இருந்து ஆகப் போவது ஒன்றும் இல்லை, நாமும் போகலாம் என்று முடிவெடுத்தேன். தம்பி, இதைக் கவனமாகப் படி. முடிவெடுத்தேன். அது பாதி வழியில் எடுத்த முடிவுதான், இருந்தாலும் முடிவு முடிவுதான். கால் முதலில் தரைக்கு வந்தது, ஒழுங்காக, வேலை தெரிந்த கால் எப்படி வருமோ அப்படி. பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்குப் போகிற சின்ன எலும்பு மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. முதுகு சோபாவில் பட்டது. உன் தங்கச்சி வேறு விதமாகச் சொல்லியிருந்தால், அவள் அந்த நேரம் சமையல்கட்டில் இருந்தாள் என்பதை நினைவில் வை. இப்போது கதவோரம் நின்றுகொண்டு நான் சொல்லச் சொல்ல வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு பெண் பிள்ளை, நல்ல பொறுமை. எப்படி விழுந்தீங்க ஐயா என்று கேட்டது. "விழலம்மா, எறங்குனேன்" என்றேன். "சரி, எப்படி எறங்குனீங்க?" என்று மறுபடி கேட்டது பார், அந்த நாகரிகம் உனக்கு இல்லை. படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியது. மயிரிழை விரிசல். சுவரில் வந்திருந்தால் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். அதற்குப் போய் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டுப் போட வந்தவன் ஈரத்துணியைச் சுற்றினான், சுற்றினான், சுற்றிக்கொண்டே இருந்தான். கையில் கரண்டி கிடையாது, மட்டப்பலகை கிடையாது, வெறும் கையால் தடவுகிறான். கணுக்கால் திரும்புகிற இடத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. நானும் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"தம்பி, கரண்டி ஒண்ணு கெடைக்குமா?"

"சாப்பிடவா ஐயா?"

"இல்லப்பா. நீ போடுறத நான் கொஞ்சம் மட்டம் பண்ணிக்கிறேன்."

"அதெல்லாம் தேவையில்லை. காய்ஞ்சா சரியாயிரும். தண்ணி மட்டும் படாமப் பாத்துக்குங்க."

"தண்ணி படாமலா? பூசுனதுக்கு அப்புறம் தண்ணி காட்டலன்னா வெடிச்சிருமே."

"இது வெடிக்காதுங்க."

"யாரு சொன்னது?"

"கம்பெனிக்காரன் சொன்னான்."

"அந்தக் கம்பெனிக்காரன் சாரத்துல ஏறியிருக்கானா?"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நீயே சொல், பூசிய மறுநாளில் இருந்து சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் மேஸ்திரி நம்மை என்ன பேச்சுப் பேசுவார். பச்சைக் குழந்தையைப் பட்டினி போட்ட மாதிரி இல்லையா திட்டுவார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டேன். குவளையில் தண்ணீர் எடுத்து மெல்ல மெல்ல ஊற்றினேன். உன் தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"டாக்டரம்மா தண்ணி படக்கூடாதுன்னு சொல்லலையா?"

"டாக்டரம்மா எத்தனை சுவர் பூசியிருக்கு?"

"நீங்க எத்தனை காலுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க?"

நான் காது கேட்காதவன் மாதிரி, உன்னுடைய முறையில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். சில சமயம் அது நல்ல முறைதான். விடாமல் தண்ணீர் காட்டினேன். இறுகுவதற்குப் பதிலாக அது இளகியது. பாலில் ஊறிய ரொட்டி மாதிரி கொழகொழத்துப் பாதத்தை விட்டுத் தனியாகக் கழன்று வந்தது. சரக்கு மட்டம் என்று நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா. அதற்காக இன்னொரு முறை போய் அந்தப் பெண்பிள்ளையின் மனதை நோகடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. நம் கையில் வேலை இருக்கிறது, வீட்டில் சிமெண்டு இருக்கிறது.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். உன் தங்கச்சி மார்க்கெட்டுக்குப் போனாள். குளியலறைத் தரை போட்டபோது மிஞ்சிய அரை மூட்டை கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். மணலை உன் தங்கச்சியின் மாவுச் சல்லடையில் சலித்து, துணி துவைக்கிற தொட்டியில் கலவை போட்டேன். கீழே செய்தித்தாளை விரித்துப் பாதத்தை வைத்தேன். இளகிப்போனதில் தேறிய துணியைக் காலோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி, அதன் மேல் முதல் பூச்சு சொரசொரப்பாக, அது கொஞ்சம் ஈரம் இழுத்ததும் இரண்டாவது பூச்சு மெல்லிசாக. வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த கரண்டி கைக்கு வந்ததும், வேலைக்கு நேற்றுத்தான் போய் வந்த மாதிரி இருந்தது. கணைக்கால் எலும்பு நெடுக ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழி அசையாமல் நடுவில் நின்றது. கணுக்கால் வளைவுக்குத்தான் பாடுபட்டேன். ஸ்பூனின் முதுகால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, மேலே வெறும் சிமெண்டைத் தூவிப் பளபளப்பு ஏற்றி, ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டி விட்டேன். தியேட்டர் கார்னிஸில் எடுத்தேனே, அந்த வளைவு, அச்சாக அதே வளைவு. பார்ப்பதற்கு ஐந்து பேரில் ஒருத்தரும் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

உன் தங்கச்சி வந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"என்னது இது?"

"கால்."

"யாரோட கால்?"

எழுந்திருங்கள் பார்க்கலாம் என்றாள். நாளைக்கு எழுந்திருக்கிறேன், இன்றைக்கு ஆறட்டும் என்றேன். மறுநாள் எழுந்திருக்கப் பார்த்தேன். நான் எழுந்தேன், கால் எழவில்லை. பாலத்தின் நடுத்தூண் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தத் தூணாவது வெள்ளத்துக்குச் சாய்ந்தது, இது அதுவும் செய்யாது. மகள் ஒரு பக்கம், உன் தங்கச்சி ஒரு பக்கம், எலக்ட்ரீஷியன் காலுக்கு மட்டும் தனியாக என்று மூன்று பேர் சேர்ந்துதான் என்னை டாக்சியில் ஏற்றினார்கள். டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் நடுவுல வைங்க, இந்தப் பக்கம் டயர் உக்காருது" என்றான். பெருமைக்குச் சொல்லவில்லை, போகிற வழியில் அத்தனை மேடு பள்ளத்திலும் ஒரு இடத்தில் கூடக் கீறல் விழவில்லை.

டாக்டரம்மா வந்து காலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி காலைப் பார்த்தது. பிறகு குனிந்து பாதத்தின் அடியில் பார்த்தது. கீழே விரித்த செய்தித்தாள் காலோடு வந்து, நனைத்து உரித்ததில் எழுத்து மட்டும் சிமெண்டில் இடம் வலமாக மாறிப் பதிந்திருந்தது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துவிட்டு, "ஐயா, உங்க பாதத்துல நாளைக்கு மழைன்னு போட்டிருக்கு" என்றது. கட்டு வெட்டுகிற மின்சார ரம்பத்தைக் கொண்டுவந்தார்கள். அது வீல் என்று கத்தியது, புகைந்தது, நின்றது. இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அது கத்தாமலே நின்றது. கட்டுப் போட்டவன் மூலையில் நின்று என்னையே பார்க்கிறான். கடைசியில், கீழ்த்தளத்தில் கழிவறைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள்.

தம்பி, இந்த இடத்தை இரண்டு தடவை படி. அந்தக் கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். விரல் முட்டியால் மேலிருந்து கீழ் வரைக்கும் தட்டினான். எங்கேயாவது பொக்கு கேட்டதா, கேட்கவில்லை. உள்ளங்கையால் தடவினான். கணுக்காலுக்கு வந்ததும் கை நின்றது.

"யாரு பூசுனது?"

"நான்தான்."

"உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்துக்கிட்டு."

"ஒடைக்க மனசு வரலைண்ணே" என்றான்.

டாக்டர், நர்சு, ரம்பக்காரன், உன் தங்கச்சி, என் மகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். அவர்கள் எதிரில் சொன்னான். எனக்கு வலி இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அவனும் வேலைக்காரன்தான், உளியை வைத்துப் பொறுமையாகத் தட்டி, தோலில் ஒரு கீறல் விழாமல் இரண்டு பாளமாகப் பிரித்தான். வளைவு உள்ள துண்டு உடையாமல் வந்தது. அதைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தான். இப்போது ஜன்னல் மேடையில் இருக்கிறது. உன் தங்கச்சி அதில் சீப்பு வைக்கிறாள். அவன் அண்ணே என்று கூப்பிட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது மரியாதைக்கு வயசாளிகள் எல்லாரையும் கூப்பிடுவது.

டாக்டரம்மா புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தது. "எலும்பு கொஞ்சங்கூட நகரல. எப்படின்னு எனக்குப் புரியல" என்றது. எனக்குப் புரிந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, "ஐயா, இது கால். காம்பவுண்டு சுவர் இல்ல. கீழ தோல் வெந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இனிமே இதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் உங்களை இங்கயே படுக்க வெச்சிருவேன்" என்றது. அது சொன்னதில் நியாயம் இருந்தது, தலையை ஆட்டினேன். இப்போது போட்டிருப்பது ஏதோ பைபர் கட்டு, நீல நிறம். பூச்சே கிடையாது, நெசவு மாதிரி இருக்கிறது. இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நெசவுக்காரன்தான் வர வேண்டும்.

ஆகவே தம்பி, மேஸ்திரி சட்டப்படி நடந்ததை நிறுத்துப் பார். நினைத்துக் கீழே வந்தேன், அதனால் அது இறங்கியது. முதுகு பட்டது சோபாவில், அதனால் தரையில் படவில்லை. நீ எழுத்துத் தெரிந்தவன், உடனே ரேடியோ வழக்கை எடுப்பாய். "நான் மணல் மேலதான் விழுந்தேன், தரையில படல, அதனால நான் விழல" என்று அவன் வாதாடியபோது, மணலும் தரைதான் என்று நான்தானே தீர்ப்புச் சொன்னேன் என்பாய். சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். மணல் தரையில் இருந்து வந்தது, சோபா கடையில் இருந்து வந்தது. விழுவதற்கு உயரக் கணக்கு உண்டா என்று ஒட்டகம் கேட்டபோது, இல்லை, ஒரு ஜாண் என்றாலும் விழுந்தது விழுந்ததுதான் என்று நான் சொன்னதையும் நீ மறந்திருக்க மாட்டாய். அதை இந்த வழக்கில் இழுக்காதே, தேவைப்படாது. மூன்று தடவை விழுந்து, மூன்றாவது தடவையில் காதையும் கீழே விட்டுவிட்டு வந்தவன் நீ. ஒரு தடவைகூட விழாத என்னை வெறும் 'விழுந்தாயாமே' என்று அட்டையில் கூப்பிடுவது முறையா என்று யோசி. பதில் அட்டையில் விட்டுப்போன சொல்லை முதல் வரியிலேயே எழுதி அனுப்பு. மகள் படிக்கும்போது உன் தங்கச்சியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

உன் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாமலும், கூரையில் நீர் இறங்காமலும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் மட்டமாகவும் இருக்க மூத்தவன் முறையில் என் ஆசி. உன் மகளுக்கும் மருமகனுக்கும் அன்பு.

இப்படிக்கு,
விழாத உன் அண்ணன்,
காலண்டர்

பின்குறிப்பு: மகள் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். நன்றாக வந்திருக்கிறது. ஏணி வருகிற இடம் மிகவும் நன்றாக இருக்கிறது. உன் தங்கச்சியும் கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு, "பக்கத்து வீட்டுல ஏது ஏணி?" என்றாள்.

ஏணி இல்லை. எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறித்தான் வேலை செய்கிறான். நான் அதிலும் ஏறவில்லை. வெளியே போவதற்காக மகள் வாங்கித் தந்த புதுக் கால்சட்டையை நின்றபடி மாட்டினேன். வலது காலை விட்ட குழாயிலேயே இடது காலையும் விட்டுவிட்டேன். நினைக்க நேரம் இல்லை. முதுகு தரையில் பட்டது, முழுதாக, தோளில் இருந்து இடுப்பு வரைக்கும். மல்லாந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, பொக்கு எதுவும் இல்லை. அதில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொன்னதை அடித்துவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், காகிதம் அசிங்கமாகிவிடும் என்றேன்.

"இது ஒரு விஷயமாப்பா? மாமா கூப்பிடலைன்னா என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது. மேஸ்திரி கடைசி மூச்சு இழுக்கிறபோது, கூடத்தில் அவர் பிள்ளைகள் எல்லாம் நிற்க, என்னைப் பார்த்துத்தான் "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றார். ஒட்டகம் நினைவு தப்பிப் பெண்டாட்டியையே யாரென்று கேட்டான், என்னை மட்டும் அண்ணே என்றான். ரேடியோ ஒரேயடியாக நின்றுபோனது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்தச் சுவரில் தொங்கியது நான்தான் என்று கண்ணால் பார்த்தது உன்னைத் தவிர இன்றைக்கு யாரும் இல்லை. நீயும் நிறுத்திவிட்டால் நான் வெறும் வயசாளி. அதற்காகத்தான் இத்தனை பக்கம், மகளுக்குக் கை வலி.

ஆனால் தொங்கியது தொங்கியதுதான், அதை எந்தக் கால்சட்டையும் மாற்றாது. பிடித்த கார்னிஸ் நான் பூசியது. சட்டத்தில் நான் விழுந்தால் என்ன என்கிற இன்னொரு பாதியும் இருக்கிறது, இத்தனை காலம் அதற்கு வேலை வரவில்லை. அந்தத் தியேட்டருக்கு முன்னால், இளையவன் என்ற முறையில், நானும் அப்படித்தானே எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் வருகிறதா என்று இப்போது சொல்லிப் பார்த்தேன். வருகிறது. மேஸ்திரி அண்ணே என்று சொன்னேன், ஒட்டகம் அண்ணே, ரேடியோ அண்ணே என்று சொன்னேன். உங்கள் தங்கச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்கும் தனித்தனியாக எழுதட்டுமா என்று மகள் கேட்கிறாள். அவர்களுக்கு எங்கே விலாசம் இருக்கிறது, வேண்டாம் என்றேன். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு வந்துவிடுங்கள், அந்த வளைவை நேரில் பார்க்க வேண்டும். சீப்பை எடுத்துவிடச் சொல்கிறேன். விலாசம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான், வாத்தியார் அண்ணே.